புகைக்கு ருசி கிடையாது

மதுரையிலிருந்து நாலுவழிச் சாலையில் தெற்கே வருகிறவர்கள், சாத்தூரைத் தாண்டிக் கோவில்பட்டியைத் தொடுவதற்குள் 'விறகு அடுப்பில் சமைத்தது' என்ற பலகையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஊருக்குள் இருக்கும் பழைய சாப்பாட்டுக் கடைகளுக்குப் பலகை தேவையில்லை. அங்கே அது வாய்ச்சொல்லாகவே புழங்குகிறது. "அந்தப் பொகையிலதான் அண்ணாச்சி ருசியே இருக்கு. அடுப்படியில கைய வச்சா கடை போச்சு." முதலாளி இதைச் சொல்கிறார், சரக்கு மாஸ்டர் சொல்கிறார், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவரும் சொல்கிறார். ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கரி படிந்த சுவரைப் படம் பிடித்து, 'மாறாத பாரம்பரியம்' என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டுவிட்ட இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். அது ருசியைப் பற்றியும் தவறு, கட்டடத்தைப் பற்றியும் தவறு, பாரம்பரியத்தைப் பற்றியும் தவறு. அந்தத் தவறுக்கு உரிய விலையை அடுப்படியில் நிற்கிறவர்களின் நெஞ்சுக்கூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ருசி. அண்டாவில் சோறு வேகிறது. அடியில் தீ, மேலே மூடி. புகை அண்டாவின் வெளிப்புறத்தைக் கருப்பாக்கிவிட்டு மேலே போகிறது. அரிசிக்கும் புகைக்கும் நடுவில் கனத்த உலோகம் நிற்கிறது. சாம்பாருக்கும் இட்லிக் கொப்பரைக்கும் இதே கதைதான். கீழே எரிவது சீமைக்கருவேல விறகா, சிலிண்டர் வாயுவா என்பது பருப்புக்குத் தெரிய வழியில்லை. அதற்கு எட்டுவதெல்லாம் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது மட்டும். பரோட்டாவின் பொன்னிறமும் மணமும், மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சுமார் 140 டிகிரிக்கு மேல் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வருபவை. கல்லின் கனமும் மாஸ்டரின் கைப்பக்குவமும் அதைத் தீர்மானிக்கின்றன. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும் தீக்கும் நடுவில் எண்ணெயும் நிற்கிறது. புகைக்கு அங்கே வேலையே இல்லை.

புகை ருசி தருகிற பண்டங்கள் உண்டு. தணலில் சுட்ட கருவாடு, தீயில் வாட்டித் தோலுரித்த கத்தரிக்காய், கம்பியில் கோத்துச் சுட்ட கறி இவற்றில் புகை நேராகப் பட்டு ஊறுகிறது. இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சாப்பாட்டுக் கடையின் மதியப் பந்தியில் இவை எத்தனை? மிச்சமிருக்கும் முக்கால் பங்குச் சமையலுக்கு இந்தப் பெருமையை ஏற்றிச் சொல்வது நியாயமில்லை. திறந்த சட்டியில் காயும் பாலைக் கேட்டுப் பாருங்கள். பால் எந்த மணத்தையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். "பால்ல பொக நாத்தம் அடிக்கி" என்று நம் வீட்டுப் பெண்கள் அதைக் கீழே கொட்டியிருக்கிறார்கள். ருசி கூடிவிட்டது என்று யாரும் கொண்டாடியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் ருசி பாலின் தரத்திலும் விடாமல் கிண்டுவதிலும் இருக்கிறது. புகை அதில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அங்கே ஒரு கைத்திறன்தான்.

அப்படியானால் 'கேஸுக்கு மாறினோம், ருசி போச்சு' என்று சொல்கிற முதலாளிகள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கண்டது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் பிழை. விறகுத் தீ பரந்து பிடிக்கிறது. அண்டாவின் அடி முழுவதையும் அணைத்துக்கொண்டு, ஓரங்களிலும் ஏறி, சீராகச் சூடு கொடுக்கிறது. தணலும் அடுப்பின் மண்சுவரும் சூட்டைத் தாங்கிவைத்து, தீ குறைந்த பிறகும் மெல்ல விடுகின்றன. இதை எடுத்துவிட்டு வீட்டு அடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிய ஒற்றை வளைய பர்னரை வைத்தால், சூடு ஒரு வளையத்தில் குவிகிறது. அங்கே அடிப்பிடிக்கிறது, ஓரத்தில் வேகாமல் நிற்கிறது. பழி வாயுவின் மேல் விழுகிறது. இரண்டு மூன்று வளையங்கள் கொண்ட பெரிய பர்னர், அதைச் சுற்றிச் சூட்டைக் காக்கும் செங்கல் கட்டு, கனத்த அடி கொண்ட பாத்திரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விறகின் நல்ல குணம் கிடைத்துவிடும். புகை மட்டும் கிடைக்காது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயருக்குக் காரணமாக ஊரார் சொல்வது கரிசலில் விளைந்த நிலக்கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். புகையை ஒருவரும் சொல்வதில்லை. பாகு காய்ச்சுகிறவருக்கு வேண்டியதெல்லாம் பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகி, ஒடித்தால் கண்ணாடி போல உடைய வேண்டும். அது ஏறத்தாழ 150 டிகிரிச் சங்கதி. அதற்குக் கீழே நின்றால் மிட்டாய் பல்லில் ஒட்டும், மேலே போனால் கசக்கும். சில டிகிரிக்குள் நிறுத்த வேண்டிய வேலைக்கு, திருகினால் உடனே தணிகிற தீயைவிடப் பொருத்தமானது எது?

இன்னொரு சான்று பக்கத்திலேயே இருக்கிறது. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் இதே கரிசல் மண்ணில், எட்டயபுரத்தில் தொடங்கியது. அன்று மூட்டியது விறகடுப்பு. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் ஆயாக்கள் புகையில்தான் நின்றார்கள். பிறகு சத்துணவு மையங்களுக்கு எரிவாயு அடுப்புகள் வந்தன. புகை போனதால் சோறு ருசியற்றுப் போனதென்று எந்தப் பிள்ளையும் தட்டைத் தள்ளவில்லை.

ருசி வாதம் இவ்வளவுதான். இனி அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது நிற்கிற ஆளுக்குள் போகிறது.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரிவது கரி. தெரியாமல் இருப்பது நெஞ்சின் அடிவரை இறங்கும் நுண்துகளும் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அது வீட்டுச் சமையலின் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் சில மணி நேரம் எரிகிற அடுப்பின் கணக்கு. சாப்பாட்டுக் கடையின் அடுப்பு விடியுமுன் பற்றவைத்து இரவு கடைசிப் பரோட்டா வரை எரிகிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், விறகு போன்றவற்றை வீட்டில் எரிப்பதால் வரும் புகையையும், அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் புகையையும், மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. நம் சரக்கு மாஸ்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

"நாப்பது வருசமா நிக்கேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று மாஸ்டரே கேட்பார். பழகிப்போச்சு என்பார். பழகுவது மூக்கும் கண்ணும்தான். நுரையீரல் பழகுவதில்லை. முதல் மாதம் வந்த இருமல் பிறகு வராமல் போனால், உடம்பு எச்சரிப்பதை நிறுத்திக்கொண்டது என்றுதான் பொருள். இது மாஸ்டரோடு நிற்பதுமில்லை. அடுப்படிக்குப் பின்னால் இருட்டில் குத்தவைத்துப் பாத்திரம் கழுவுகிற அக்காவும், வெங்காயம் உரிக்கிற ஆச்சியும் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கும் அந்தப் புகை இறங்குகிறது. அவர்களிடம் யாரும் ருசியைப் பற்றிக் கருத்துக் கேட்டதில்லை. சூடும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரை வைகாசியில் வெளியே நிற்கவே முடியாத ஊரில், நாலு அடுப்பு எரிகிற ஓட்டுக்கூரைக்குக் கீழே பத்து மணி நேரம் நிற்கிறவருக்கு அந்த அறிவிப்பு எந்த வகையில் எட்டியது?

அடுத்து, "கட்டடம் பழசு, கை வச்சா விழுந்துரும்" என்கிற வாதம். இதைத்தான் நான் மிகவும் மதித்துப் பதில் சொல்ல நினைக்கிறேன். ஏனென்றால் இதில் அச்சமும் அன்பும் கலந்திருக்கிறது. இந்த ஊர்களின் பழைய கடைக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. பனங்கையோ தேக்குச் சட்டமோ போட்டு, மேலே செங்கலும் சுண்ணாம்பும் இட்ட மட்டப்பா. நடுவில் முற்றம், பின்கட்டில் அடுப்படி, அதன் கூரையில் ஓடுகளை உயர்த்தி விட்ட புகைக்கூண்டு. கட்டிய கொத்தனார் காற்றை அறிந்தவர். சூடான காற்று கூண்டு வழியே ஏறும், முற்றத்திலிருந்து குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும். அந்த அடுப்படி புகையில்லாமல் இருக்கவே கட்டப்பட்டது.

அதை அடைத்தவர்கள் யார்? முற்றத்துக்கு மேல் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்டது பிற்காலம். மாடியில் லாட்ஜ் அறை எடுத்தபோது புகைக்கூண்டை மூடியது பிற்காலம். முன்பக்கம் ஏசி ஹாலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டபோது குறுக்குக் காற்றும் நின்றது. ஆக, இன்று 'பாரம்பரியம்' என்று காட்டப்படும் புகை மண்டிய அடுப்படி, பழைய கட்டடத்தின் இயல்பில்லை. அதன் மேல் ஐம்பது வருடமாகச் செய்த சேதாரம். புகைக்கு மறுபடி வழி திறந்துவிடுவது பழமையைக் கெடுப்பதாகாது. கட்டியவரின் எண்ணத்துக்குத் திரும்புவதாகும்.

சும்மா விட்டால் கட்டடம் காப்பாற்றப்படும் என்பதும் உண்மையில்லை. எண்ணெய்ப் பசையோடு கலந்த கரி பனங்கையில் தடிப்புத் தடிப்பாகப் படிந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. அடுப்படி ஆவி வெளியேற வழியின்றிச் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்குகிறது. அந்தச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி உச்சி வரை டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. காரை உதிர்கிறது, சட்டத்தின் சுவருக்குள் புதைந்த முனை உளுத்துப்போகிறது. மேலே வெள்ளையடித்துவிட்டு, நூறு வருடக் கட்டடம் என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே என்பார்கள். சுவரில் ஓட்டை போட்டு மாட்டிய ஃபேன், பக்கத்து வாசலிலிருந்து வரும் நல்ல காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. அடுப்பின் மேல் எழும் புகை அது பாட்டுக்குக் கூரையில் மோதித் திரும்பி இறங்குகிறது. புகையை அது எழும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். அதற்கு அடுப்பு வரிசையைவிட நாலு பக்கமும் ஒரு சாண் அகலமான கவிகை, எண்ணெய்ப் பசையைப் பிடிக்கிற, வாராவாரம் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச்சுவருக்கும் மேலே போய்த் திறக்கிற குழாய் எல்லாம் வேண்டும். நம் ஊரில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்றும் வேண்டும். வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு வழி வைக்காமல் பெரிய ஃபேனை மட்டும் மாட்டினால் அறைக்குள் காற்றழுத்தம் குறைந்து, தணலின் நச்சுக்காற்று மேலே போகாமல் ஆள் நிற்கிற பக்கமே திரும்பும். ஆயிரம் ரூபாய் ஃபேனால் ஆகாததை இரண்டு ஜன்னல் ஆக்கும்.

கரிசல் மண்ணுக்கென்று ஒரு கவனம் உண்டு. வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் தவறுவது இங்கேதான். இந்த மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவு வெடிக்கும். அதன் மேல் நிற்கிற பழைய சுவர் வருடாவருடம் மயிரிழை அசைகிறது. சுண்ணாம்புக் காரை அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். அந்தச் சுவரோடு ஒட்டிக் கனத்த செங்கல் புகைபோக்கியைப் புதிதாக எழுப்பினால், புதியது ஒரு பக்கம் இறங்கும், பழையது ஒரு பக்கம் நிற்கும். நடுவில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியே தீப்பொறி பனங்கைக்கு எட்டும். ஆகவே புகைக்குழாய் இலேசான எஃகுத் தகட்டில், தனக்கென்று ஒரு சட்டத்தில், சுவரைத் தொடாமல் முற்றத்தில் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கால் ஊன்றுவதற்கு, இது போன்ற மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறை இருக்கிறது. ஆழத்தில் அடிப்பாகம் அகன்று விரியும் குத்துத்தூண் அது. மேல்மண் உப்பினாலும் சுருங்கினாலும் கீழே பிடிப்பு விடாது. அடுப்படி வேலையோடு சாக்கடையையும் பார்த்துவிட வேண்டும். கழுவுகிற தண்ணீர் அஸ்திவாரத்துக்கு அடியில் கசிந்தால், கரிசல் அந்த ஒரு மூலையை மட்டும் மேலே தூக்கும். அடுப்புச் சூட்டால் வந்த வெடிப்பு என்று நாம் நினைப்பதில் பாதி, தண்ணீரால் வந்தது.

கை வைக்க முடியாத கட்டடம் என்று ஒன்றில்லை. எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாத கைகள்தான் இருக்கின்றன.

செலவைப் பற்றிப் பேசாமல் எந்த முதலாளியும் இந்தக் கட்டுரையை ஏற்க மாட்டார். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி இருக்கிறது. பழைய அடுப்பில் அதில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி புகையாகவும் ஆளைச் சுடுகிற அனலாகவும் வீணாகிறது. எரிவாயு ஒரு கிலோவில் சுமார் 11,000 கிலோ கலோரி. நல்ல பர்னரில் 60 சதவீதத்துக்கு மேல் பாத்திரத்துக்கே சேரும். கணக்குப் போட்டால் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று, 200 முதல் 300 கிலோ விறகின் வேலையைச் செய்கிறது. விறகு மலிவு என்று சொல்கிறவர், அதை வெட்டி ஏற்றி இறக்கிப் பிளக்கும் கூலியையும், அடுக்கிவைக்கும் இடத்தின் வாடகையையும், வருடா வருடம் வெள்ளையடிப்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். வெந்நீருக்கு விறகே வேண்டாம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 30 டிகிரித் தண்ணீர் கொதிக்க 70 டிகிரி ஏற வேண்டும். மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் அதை 60 வரை கொண்டுவந்துவிட்டால், அடுப்புக்கு மிச்சம் 40தான். பழைய மட்டப்பாவின் மேல் நேராக வைக்கக் கூடாது; 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் கனம். அதற்கும் தனிக் கால் வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வெட்டி விற்றும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கிற மானாவாரிக் குடும்பங்கள் விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் ஏராளம். எல்லாக் கடையும் எரிவாயுவுக்குப் போனால் அவர்கள் கதி என்ன என்று கேட்பவர்களின் அக்கறை நேர்மையானது. என் வழக்கு விறகோடு இல்லை, புகையோடு. விறகைத்தான் எரிப்பேன் என்கிறவர் எரிக்கட்டும். ஆனால் அடியில் காற்று நுழையும் இரும்புத் தட்டும், தீயை அடக்கிவைக்கும் கட்டும், ஒழுங்கான புகைபோக்கியும் உள்ள அடுப்பில் எரிக்கட்டும். அந்தப் புகைபோக்கியை மாதாமாதம் கரி நீக்கித் துப்புரவு செய்யட்டும். 1980களில் மத்திய அரசு ஊரூராகக் கொடுத்த புகையில்லா அடுப்புகள் நிலைக்காமல் போனதற்கு, வைத்த பிறகு யாரும் பராமரிக்காததும் ஒரு பெரிய காரணம்.

கடைசியாக, பாரம்பரியம் என்ற கவசம். மும்பையின் பழைய இரானி பேக்கரிகள் விறகுச் சூளையில் பாவ் சுட்டுப் பெயர் வாங்கியவை. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. அங்கேயும் இதே குரல்தான் எழுந்தது: ருசி போகும், இடமில்லை, கட்டடம் பழசு. நியூயார்க் நகரம் 2024இல் பழைய விறகுச் சூளைப் பிட்சாக் கடைகளின் புகைத்துகளை 75 சதவீதம் குறைக்கச் சொன்னபோதும் அதே குரல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் 2011லிருந்தே, சமையலிடத்தில் போதிய காற்றோட்டம் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. கோவில்பட்டிக்கு நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருப்பதா? உத்தரவு வந்தால் கெடு ஆறே மாதம், கையில் பணமிருக்காது, கண்ட ஒப்பந்தக்காரர் கண்ட இடத்தில் சுவரை உடைப்பார். பழைய கட்டடத்துக்கு உண்மையான ஆபத்து அதுதான். இன்று நிதானமாக, ஊர்க் கொத்தனாரையும் கட்டடப் பொறியாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறவர் தன் கட்டடத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

கடை முதலாளிகளே, இந்த வருடம் ஹாலுக்குப் புது ஏசி வாங்க வைத்திருக்கும் பணத்தை அடுப்படிக்குத் திருப்புங்கள். மூடிய முற்றத்தைத் திறந்துவிடுங்கள். புகைக்கூண்டை மாடிக்கு மேலே கொண்டுபோங்கள். சாப்பிட வருகிறவர்களே, அடுத்த முறை இலையை மூடி எழுந்ததும் பின்கட்டுக்குப் போய் அந்த அடுப்படியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் எரிந்தால் கல்லாவில் பணம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.